மார்ச் மாதத்து ஹ்யூ

மூன்றாவது நாளும் ஞானஸ்நான ஏட்டில் அதே வரிதான்.

'வில்லியம் ராஸுக்கு ஒரு மகன். பெயர் ஹ்யூ. ஞானஸ்நானம், மார்ச் 4, 1838.'

அவ்வளவே. பெற்றவள் பெயர் இல்லை.

மேபல் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று சொல்லலாம். தேவாலயத்தின் பக்க அறை அது. எதிரே அமர்ந்திருந்த சபை எழுத்தர் மோராக் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

இன்னும் ஏழு பக்கம் தள்ளி, அக்டோபரில், இன்னொரு வரி.

'வில்லியம் ராஸுக்கு ஒரு மகன். பெயர் ஹ்யூ.'

ஒரே ஆண்டு. ஒரே ஊர். இரண்டு வில்லியம்கள், இரண்டு ஹ்யூகள்.

ஸ்காட்லாந்தின் இந்த வடகோடி ஊரில் பிள்ளைக்கு வைக்க வேறு பெயரே கிடைக்கவில்லையா?

மார்ச்சில் ஞானஸ்நானம் பெற்றவன் அவள் கணவர் இயனின் கொள்ளுத்தாத்தா. குடும்ப பைபிளில் தேதி இருக்கிறது. அதில் சந்தேகமில்லை. அவனைப் பெற்றவள் யார் என்பதுதான் கேள்வி.

வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் நிற்கிறது. வில்லியம் ராஸ், அவர் மனைவி ஜேனட் மன்றோ, அவர்களின் வழிவந்தோர். அதன் கீழே இன்னும் ஒரு சவப்பெட்டிக்கு இடம் உண்டு. ஜேனட்டின் வம்சத்துக்கு மட்டும்.

"என்னை அங்க வெச்சிடு, மேபல்." மருத்துவமனையில் இயன் கேட்டது அது ஒன்றைத்தான்.

முப்பது வருடம் அபர்தீனில் நர்ஸாக இருந்தவள். எத்தனையோ பேருக்கு, கேட்டதை எல்லாம் செய்து கொடுத்தவள். தன் மனிதனுக்கு ஆறடி மண் வாங்க முடியவில்லை.

வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

டொனால்ட் ராஸ். எண்பத்திரண்டு வயது. அந்தக் கல்லைச் சுற்றி நாற்பது வருடமாகப் புல் வெட்டுகிறவர். அக்டோபர் ஹ்யூவின் வழி. அந்த இடம் தனக்குத்தான் என்று நம்புகிறவர். ஊரும் அப்படித்தான் நம்புகிறது.

அவரிடம் யாரும் அத்தாட்சித் தாள் கேட்கவில்லை.

"டொனால்ட் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாலும் போதும்," என்று முதல் நாளே மோராக் ஒரு படிவத்தை நீட்டியிருந்தாள். மேபல் அதை வாங்கிக் கைப்பையில் திணித்ததோடு சரி. இயனின் இடத்தை இன்னொருவரிடம் போய்க் கேட்பதா?

நாகர்கோவிலிலிருந்து அக்கா நேற்றும் போனில் சத்தம் போட்டாள். "ஏட்டி மேபலு, நாலு மாசமா அந்தச் சாம்பலத் தூக்கிக்கிட்டு அலையுதியே. இங்க கொண்டு வந்திரு. நம்ம சபைக் கல்லறையில ஒருத்தனும் தாள் கேக்க மாட்டான்."

மேபல் போனை அணைத்துவிட்டாள். அக்கா சொன்னது நியாயம் என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு மோராக் இன்னொரு ஏட்டைக் கொண்டுவந்தாள். தயக்கத்தோடு வைத்தாள்.

"இது ஞானஸ்நான ஏடு இல்ல. மூப்பர்கள் விசாரிச்ச வழக்கு. யார் குடிச்சாங்க, யார் சண்டை போட்டாங்கன்னு எழுதி வெச்சது."

கோழி கிளறிய எழுத்து. ஒரு பக்கம் படிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. குடித்தவர்கள் எல்லாரும் ராஸ். அடித்தவர்களும் ராஸ்.

மூடிவிடலாம் என்று நினைத்தபோது கண்ணில் பட்டது.

'ஏப்ரல் 8, 1838. வில்லியம் ராஸின் மனைவி ஜேனட் மன்றோ, ஓய்வுநாளில் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியை ஏசினாள். விசாரணைக்கு அழைத்ததற்கு, ஆறு வாரக் கைக்குழந்தையைப் போட்டுவிட்டு வர முடியாது, வேண்டுமானால் மூப்பர்கள் வந்து தொட்டிலை ஆட்டட்டும் என்று சொல்லியனுப்பினாள்.'

ஆறு வாரம்.

விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

மார்ச் ஹ்யூ ஜேனட்டின் மகன்தான்.

பிள்ளை பெற்றதற்கு ஒரு சொட்டு மை செலவழிக்காதவர்கள், வாய் பேசியதற்கு அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. மோராக்கை அழைக்காமல் தானே எழுந்து போய் அந்தப் பக்கத்தை நகலெடுத்தாள். நகல் சூடாக இருந்தது.

அப்போதுதான் அடுத்தது உறைத்தது.

மார்ச் ஹ்யூ ஜேனட்டின் மகன் என்றால், அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்று பெற்றிருக்க மாட்டாள்.

வெளியே டொனால்டின் இயந்திரம் ஒரு கல்லைச் சுற்றிவந்து திரும்பும் சத்தம்.

"கிடைச்சதா?" என்றாள் மோராக்.

மேபல் நகலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

டொனால்ட் அவளைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார்.

என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவள், நர்ஸ் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மிஸ்டர் ராஸ், உங்களுக்குச் சவப்பெட்டியா, சாம்பலா?"

அவர் ஒன்றும் அதிர்ந்துபோகவில்லை. தாடையைச் சொறிந்தார்.

"பெட்டின்னுதான் நெனச்சிருந்தேன்."

"சாம்பல்னா இந்த இடத்துல மூணு பேர் தாராளமா இருக்கலாம்."

அவர் கல்லைப் பார்த்தார். புல் ஒட்டிய கையைத் தூக்கி, ஒரு விரலை மடக்கினார். தனக்கு. இன்னொன்றை மடக்கினார். இயனுக்கு. மூன்றாவது விரலில் நின்று அவளைப் பார்த்தார்.

அவள் பார்வையை விலக்கவில்லை.

"சரி," என்றார் டொனால்ட். "நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே நகலும் படிவமுமாக இரண்டு தாள்கள் இருந்தன.

ஒன்றை மட்டும் எடுத்தாள்.