எண்ணூறுக்குக் குறையாது

டமார்!

வாசலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் த்ரீவீல் ஆட்டோ முட்டிய சத்தத்தில், துணிப்பைக்குள் சட்டையைத் திணித்துக்கொண்டிருந்த சுதாகரன் துள்ளி எழுந்தான். த்ரீவீலின் பின்சீட்டிலிருந்து சுருட்டிய கார்பெட் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாக ஒரு கார்பெட்கூட வராத வாசல் அது. பையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

"வாங்க சாலி நானா! கழுவத்தானே?"

"கழுவி முடிஞ்சது தம்பி. கல்லு முதலாளி வீட்டுல குடுக்கப் போறேன்." த்ரீவீல்காரர் சாலி கழுத்தை நீட்டி வீட்டுக்குள் பார்த்தார். "கோகிலா தங்கச்சி இல்லையா?"

"உள்ள தேத்தண்ணி போடுறா. இத யார் கழுவினது?"

"அதான்... அந்த நானூறு ரூபாக்காரங்க."

சுதாகரனின் முகம் சுருங்கியது.

நிவித்திகலைப் பக்கம் கார்பெட் கழுவும் மெஷின் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். தோட்டத்து பங்களாக்களையும் மாணிக்கக்கல் முதலாளிமார் வீடுகளையும் விட்டால் யார் கார்பெட் விரிக்கிறார்கள்? அந்தத் தெம்பில் ஒரு தகரத்தில் பெயின்டால் எழுதி மாட்டியிருந்தான்: 'சிறிதோ பெரிதோ, எண்ணூறுக்குக் குறையாது.'

கோகிலா அன்றைக்கே சொன்னாள். "கால் மிதிக்கிற துண்டுக்கும் எண்ணூறாங்க? வந்தவங்க வந்த வழியே போயிருவாங்க."

"கொழுந்து வாட்டுறவளுக்கு யாவாரத்தப் பத்தி என்னடி தெரியும்?" என்று சிரித்தான் சுதாகரன். கோகிலாவுக்குத் தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில், சூட்டுக் காற்றில் கொழுந்து வாட்டும் வேலை.

வந்தவர்கள் வந்த வழியேதான் போனார்கள். கொஞ்ச நாளாக யாரோ நானூறுக்கே கழுவிக் கொடுப்பதாகவும் கேள்வி. இப்போது அடுப்பு எரிவது அவளுடைய சம்பளத்திலும், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமிலும்தான்.

சுதாகரன் கார்பெட்டைத் தடவிப் பார்த்தான். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. அவன் கழுவியது என்றால் இந்த மழைக்கு ஒரு வாரம் கொடியில் தொங்கி, முதலாளி வீட்டுக்கு ஊசல் வாடையோடு போய்ச் சேரும்.

"டவுன்ல லோண்டரி வச்சிருக்கிற புவாட்தானே நானா? காய வைக்க வெளிநாட்டு மெஷின் ஏதும் இறக்கிட்டானா?"

"பெரிய மெஷின்தான் தம்பி. லொறியிலகூட ஏறாது."

"தேயிலை வாசம் அடிக்குதே?"

"இந்தப் பக்கம் எதுலதான் அடிக்கல? என் த்ரீவீலுலயும் அடிக்குது."

சுதாகரன் படியில் உட்கார்ந்துவிட்டான். "நாளைக்கு விடிய பஸ்ஸுல கொழும்புக்குப் போறேன் நானா. ஒரு கடையில சாமான் கட்டுற வேலை இருக்காம். மெஷினயும் வித்துருவேன்."

உள்ளே ஏதோ ஒரு கோப்பை விழுந்து உருண்டது.

சாலி தாடியைச் சொறிந்தார். "போகமுந்தி ஒருக்காப் பேசிப் பாக்கலாமே? ரெண்டு பேரும் ஒரே மினிமம் வச்சா சண்டை இல்லையே."

"அப்ப நீங்களே கேளுங்க. எழுநூறுக்குக் கீழ அவனும் இறங்கக் கூடாது, நானும் இறங்க மாட்டேன்."

"கேட்டாப் போச்சு. மொதல்ல கையக் கழுவிக்கிறேன்."

வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனவர், கை கழுவுவதற்கு வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டார். திரும்பும்போது கையில் தேத்தண்ணி.

"எழுநூறு சரிவராது தம்பி. ஐந்நூறுன்னுதான் சொல்லுவாங்க."

"நீங்க இன்னும் போகவே இல்லையே!"

"போகணுமா என்ன? ஏத்தி இறக்குறவன் நான். அவங்க மனசு எனக்குத் தெரியாதா?"

"சரி, அறுநூத்தம்பது. இதுதான் கடைசி."

சாலி ஒரு வாய் குடித்தார். "சீனி பத்தல," என்று மறுபடியும் கொல்லைப்பக்கம் நடந்தார்.

இந்த முறை சிரித்துக்கொண்டே வந்தார். "பெரிசுக்கு அறுநூறு. துண்டுக்கு நானூறு. அதுக்கு மேல ஏற மாட்டாங்க. அந்தத் தகரத்தையும் கழட்டணுமாம்."

"என் தகரம் அவன என்ன பண்ணுது?"

"மெஷினயும் விக்கக் கூடாதாம். நீங்க கழுவிக் குடுத்தா, அவங்க காய வச்சுத் தருவாங்களாம்."

சுதாகரன் கொடிப் பக்கம் திரும்பினான். மழை கூரைத் தகரத்தில் மறுபடியும் தட்ட ஆரம்பித்தது. கொடியில் போன மாதத்துக் கார்பெட் ஒன்று, ஆளே வந்து வாங்காமல், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்த் தகரத்தைக் கழற்றினான்.

"நாமதான் அவனத் தப்பா நெனச்சிட்டோம் போல. சம்மதம்னு சொல்லுங்க நானா. ஆனா ஒண்ணு, இவ்வளவு பேசின ஆள நேர்ல பாத்துக் கை குடுக்காம விட மாட்டேன்."

சாலி, பீப்பாய் நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில் திடீரென்று மும்முரமாகிவிட்டார்.

கோகிலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துணிப்பையைத் தூக்கி, சட்டைகளைக் கட்டிலில் கொட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து புருஷன் முன்னால் வலது கையை நீட்டினாள்.

"குடுங்க கைய. கையால தேச்சுக் கழுவிக் கழுவி எனக்கும் அலுத்துப்போச்சு. ஆனா ஃபெக்டரி மாடியில நான் கார்பெட் காயப்போடுற ஞாயித்துக்கிழமை, சோறு நீங்கதான் ஆக்கணும்."