ஜன்னலில் மூன்று பாட்டில்கள்

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த ஹன்னா, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் கிரீம் கலக்கும் பின்கட்டு அறைக்குப் போகிறாள். பாகாலா ஊரின் பங்குனி வெயில் ஜன்னல் விளிம்பில் மூன்று கண்ணாடி பாட்டில்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. ஐந்து வாரத்துக்கும் முன்பு, லெந்து நோன்பு தொடங்கிய சாம்பல் புதனன்று அவள் வைத்த கற்றாழை முகக் கிரீம். கற்றாழைச் சாற்றோடு வரும் துளி இரும்பைக் கட்டிப்போட ஒரு பொடி வேண்டும்; இல்லாவிட்டால் நிறம் கெடும். பொடி போடாத பாட்டில் ஆறிய டீ போல் பழுப்பேறியிருக்கிறது. மற்ற இரண்டும் வெள்ளை. ஒன்றில் இதுவரை போட்டுவந்த பழைய பொடி. அது லேசில் மக்காது என்று தெரிந்ததிலிருந்து, பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் கீரைப் பாத்திக்குப் போகும் சுவரடித் தண்ணீர்த் துளையைக் கோணியால் அடைத்துவிட்டு, கிரீம் பாத்திரம் கழுவிய தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறாள். இன்னொன்றில் மண்ணில் மக்கிப்போகும் புதுப் பொடி. எது எதுவென்று தெரியாதபடி லேபிள்கள் வெளியே பார்த்திருக்கின்றன. ஹன்னா இரண்டையும் முகர்கிறாள், புறங்கையில் தடவுகிறாள்.

“எது புதுசு?” கணவன் கிளாட்வின் கேட்கிறான். அவன் சட்டைப்பையில் ஓலைச் சிலுவை.

“தெர்லயே,” என்கிறாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வருகிறது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லட்சுமம்மா கத்துகிறாள். “ஏம்மா ஹன்னா, தண்ணியே வுட மாட்டேன்றியே! கீரையெல்லாம் வாடிக்கினு கீது!”

“நாளைலேர்ந்து புதுப் பொடிதான், தண்ணி வுடறேன்க்கா!”

ஹன்னா குனிந்து கோணியை உருவுகிறாள். காய்ந்த துளை வழியே வெயில் உள்ளே நுழைந்து அவள் பாதத்தில் விழுகிறது.