கண் நன்றாகத் தெரிகிறது

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையின்மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்கிறது. உள்ளே பத்தொன்பது வயது எலக்ட்ரீஷியன் ஒருவன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி நிற்கிறான். வெள்ளைக் கோட்டில் இருக்கும் கண் மருத்துவர் அவனுடைய சித்தி. கதவைச் சாத்திவிட்டு வந்து காதோரம் சொல்கிறாள்: “கடைசி ரெண்டு வரி மங்கலா இருக்குன்னு சொல்லுடா. மத்ததை நான் பாத்துக்கறேன்.” அவன் கடைசி வரியை ஓர் எழுத்து விடாமல், வெளியே கேட்கும் குரலில் வாசிக்கிறான்.

“கண்ணு நல்லாத் தெரியுது சித்தி. துப்பாக்கி தூக்க மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்.”

“ரெண்டு வருஷம் உள்ள போட்டுடுவாங்கடா. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். பட்டாளத்துக்குப் பதிலா ஆஸ்பத்திரியில வயரிங் வேலை குடுக்கட்டும், நாலு வருஷம்கூடச் செய்றேன். பொய் சொல்லித் தப்பிச்சா, இந்தச் சட்டம் தப்புன்னு அப்புறம் எந்த வாயால பேசுவேன்?”

சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறாள். பிறகு படிவத்தில் ‘பார்வையில் குறையில்லை’ என்று எழுதுகிறாள். அவன் பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே ‘ஆயுதம் ஏந்த மறுக்கிறேன்’ என்று தாளின் மறுபக்கம் புடைக்கும்படி அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். பக்கத்தில் சாட்சிக்கான கட்டம் காலியாக இருக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். “இருங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, சித்தி பேனாவுக்காகக் கையை நீட்டுகிறாள். கட்டத்துக்குள் தன் முழுப் பெயரை எழுதி, ‘உறவு’ என்ற இடத்தில் ‘சித்தி’ என்று நிரப்புகிறாள். எழுந்து போய்க் கதவை அகலத் திறக்கிறாள்.