தோல்வாரின் வயிற்றெரிச்சல்

மனநல மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு கட்டும் தோல்வாருக்கு, எதிர் அறைக்குப் புதிதாக வந்த கனத்த போர்வையைக் கண்டாலே வயிறு எரிந்தது. யாராவது கத்தினால் முன்பெல்லாம் நர்ஸ்கள் தோல்வாரைத் தேடித்தான் ஓடி வருவார்கள். இப்போது மங்கிய வெளிச்சமும் மெல்லிய இசையும் உள்ள அந்த அறைக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்.

அன்று தில்லைநாயகி அலறிக்கொண்டு சுவரில் முட்டினாள். "இன்னிக்கு நான்தான்!" என்று தோல்வார் துள்ளியது. நர்ஸோ அவளை எதிர் அறையில் உட்காரவைத்தாள். தில்லைநாயகி தானே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மெல்ல மெல்ல அழுகை அடங்கியது.

"அப்படி என்னடா மாயம் பண்றே?" என்று பொருமியது தோல்வார்.

"ஒண்ணுமில்லண்ணே. வேண்டாம்னா என்னைத் தள்ளிவிட்டுடலாம்னு அவங்களுக்குத் தெரியும்" என்றது போர்வை.

தில்லைநாயகி போர்வையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். எதிர் வாசலில் தொங்கிய தோல்வாரைக் கண்டதும், இரண்டு மணிக்கட்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.