பூட்டு நட்டு

காரின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் பூட்டு நட்டு. அதைக் கழற்றும் சாவி வசுமதியின் கணவனுடைய சாவிக்கொத்தில் இருந்தது. திருட்டுப் பயம் என்று சொல்லித்தான் மாட்டியிருந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில், காற்றிறங்கிய சக்கரத்தின் முன் குந்தியிருந்த பஞ்சர் கடைக்காரர் சகாயம் சிரித்தார்.

"திருடன் இதை நிமிஷத்துல கழட்டிடுவான்மா. வீட்டாளுங்கதான் அழணும். சாருக்கு ஒரு போன் போடுங்க, சாவியோட வந்துடுவாரு."

"அவர் வரக்கூடாதுண்ணே."

சகாயம் பின்சீட்டைப் பார்த்தார். துணிப்பைகளுக்கு நடுவே அவள் மகள் பள்ளிச் சீருடையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் நட்டைவிடச் சற்றே சிறிய பழைய பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றை அதன் தலையில் வைத்துச் சுத்தியலால் அறைந்து இறக்கினார். திருப்பினார். வழுக்கியது. மறுபடி அறைந்தார். அந்தச் சத்தம் விட்டுவந்த வீடுவரை கேட்கும் என்று வசுமதிக்குத் தோன்றியது.

போன் அடித்தது. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான். எடுத்தாள்.

"என்ன சத்தம் அது?"

"காய் வாங்க வந்தேன்."

"எங்க நிக்கிற? அதை மட்டும் சொல்லு." குரலில் கோபமே இல்லை.

போனை அணைத்தாள். அடுத்த திருப்பலில் நட்டு கிறீச்சிட்டுச் சுழன்றது. ஸ்டெப்னியை மாட்டி முடித்த சகாயம் நெற்றியைத் துடைத்தார்.

"மத்த மூணு சக்கரத்துலயும் இது இருக்கேம்மா?"

நேரமில்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"அதையும் கழட்டிடுங்கண்ணே."