இன்னொரு சாவி

"ஒரு சாவியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா மாமா உங்களுக்கு?"

கேபிள்காரர் காலையில் வந்த மெமோவைத் தன் அக்கா புருஷனின் மேஜையில் வீசினார். இருவருக்கும் ஒரே ஆய்வுக் கப்பலில் வேலை. அக்கா புருஷன் அறைக்குள் திரையைப் பார்க்கும் ஆபரேட்டர். கேபிள்காரருக்குக் கப்பலின் பின்தளத்தில் 'மீனோடு' மல்லுக்கட்டு.

அது துடுப்பு அடிக்கிற மீன் இல்லை. கப்பலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் இழுத்துப் போகும் கருவி. ஒலியை அனுப்பிக் கடலின் தரையைப் படமெடுக்கும். அதன் கேபிளில் ஓடும் மின்சாரம் ஆளை ஒரே அடியில் முடித்துவிடும்.

அதனால் கேபிளில் கை வைக்கும் முன் இவர் அறைக்கு வருவார். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பின்தளத்துக்குப் போவார்.

அதில் ஆபரேட்டருக்கு வெகுநாள் மனத்தாங்கல்.

"நான்தான் குத்துக்கல்லாட்டம் இங்கேயே உட்கார்ந்திருக்கேனே, பூட்டு எதுக்கு? என் மேல நம்பிக்கை இல்லையா மாப்ளே?"

"கரண்டுக்கு மாமா மச்சான்லாம் தெரியாது மாமா."

அன்றோடு இருவருக்கும் பேச்சு குறைந்தது. அவசரத்துக்கென்று ஒரு மாற்றுச் சாவி மட்டும் ஆபரேட்டரின் டிராயரில் கிடந்தது.

நேற்று, கப்பல் புறப்படும் முன், மேனேஜர் இரண்டு விருந்தாளிகளை அழைத்து வந்தார். கருவியைப் போட்டுக் காட்ட ஆசை. சுவிட்ச் பூட்டியிருந்தது. மாற்றுச் சாவியைக் கேட்டார்.

"தொலைஞ்சு போச்சு சார்" என்றார் ஆபரேட்டர்.

மேனேஜர் தானே டிராயரை இழுத்துக் கிளறினார். இல்லை. விருந்தாளிகள் முன்னால் மானம் போயிற்று. காலையில் மெமோ வந்துவிட்டது.

"மூணாவது மெமோ மாமா. கப்பல்ல இருந்து உங்களை இறக்கிடப் போறாங்க. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஆபரேட்டர் தன் மூக்குக்கண்ணாடியையும் டம்ளரையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாருங்க. எட்டு வருஷத்துல என் சாவி ஒருநாள் தொலைஞ்சிருக்கா? மனுஷனுக்குப் பொறுப்புன்னு ஒண்ணு வேணாம்?"

"மெமோவுல மணி போட்டிருக்கா?"

"பத்து நாற்பது."

"நேத்து அப்ப நீ எங்க இருந்தே?"

"பின்னாலதான். கேபிளை மாட்டிக்கிட்டு..."

கேபிள்காரர் நிறுத்தினார். இரண்டு கையும் கனெக்டரில் இருந்த நேரம் அது.

"ஆள் வேலை செஞ்சுக்கிட்டிருக்கான் சார்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். 'ரெண்டு நிமிஷம்தானே, போட்டுக் காட்டிட்டு நிறுத்திடலாம்'னார். அதுக்குச் சித்த முன்னாலதான் எங்க கப்பல்ல பாதுகாப்புக்குத்தான் முதலிடம்னு விருந்தாளிங்ககிட்ட அளந்துக்கிட்டிருந்தார்."



ஆபரேட்டர் குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறைக்குள்ளிருந்து மாற்றுச் சாவியை எடுத்துக் கேபிள்காரர் கையில் வைத்தார்.

"இதையும் உன் பையிலயே போட்டுக்க மாப்ளே. இனிமே இந்த நாற்காலியில யார் வந்து உட்காரப் போறாங்களோ."