இருபத்தொரு பாயிண்ட்

“இன்னும் மெதுவா போறது இல்லியா?” என்று கேட்டாள் எலிசபெத்.

கடைக்காரர் கிருஷ்ணப்பா ஏற்கெனவே நாலு பிங்பாங் பேட்டுகளை எடுத்துப் போட்டிருந்தார். சித்தூர் பஜாரில் பேட்டு வாங்க வரும் பெண்களே அபூர்வம். மெதுவான பேட்டு கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

“அம்மா, இதப் பாருங்க. உள்ள ஸ்பாஞ்சு. மஞ்சி சரக்கு, ரொம்ப நல்லது. தொட்டா போதும், பந்து பறக்கும். எதிராளி கையத் தூக்கறதுக்குள்ள பாயிண்ட் உங்களுக்கு.”

“அது வாணாங்க.”

“ஜெயிக்க வாணாமா?”

“நான் இப்பத்தான் கத்துக்கப் போறேன்.”

பக்கத்தில் நின்ற நாத்தனார் ஞானம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறி வாங்கக் கிளம்பி வந்தவர்கள் அரை மணி நேரமாக இங்கே நிற்கிறார்கள். சனிக்கிழமை வேறு. அவள் தம்பி, எலிசபெத்தின் புருஷன் சுந்தர்ராஜ், நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவான்.

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்தபோது சித்தூர் ஆந்திராவில் நின்றது, திருத்தணி மதராஸோடு போனது. அங்கே தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த சுந்தர்ராஜும் அதோடு போனான். எலிசபெத்துக்கு வேலை சித்தூரில், மிஷன் பள்ளிக்கூடத்தில். இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு அவன் எழுதிய மனு எந்த ஊர் மேஜையில் கிடக்கிறதோ! வாரத்தில் ஒரு ராத்திரிதான் அவனுக்கு வீடு.

கிருஷ்ணப்பா ஐந்தாவதாக ஒன்றை எடுத்தார். லேசான பலகை. மேலே புள்ளி புள்ளியாக மெல்லிய ரப்பர், அவ்வளவுதான்.

“புதுசா கத்துக்கறவங்களுக்கு இதான் சரி. வேகம் வராது. ஆனா நெனச்ச எடத்துக்குப் போவும். பிடியப் பாருங்க.”

சின்னப் பிடி. எலிசபெத்தின் கைக்குள் அடங்கியது.

“இதே மாதிரி ரெண்டு குடுங்க.”

“ரெண்டா?” ஞானம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “வாரம் பூரா காத்துக்கினு இருந்து, வர்ற ஒரு நாள்ல அவனையும் இட்டுக்கினு போய் ஆடப் போறியா? ஊரு இன்னா சொல்லும்?”

எலிசபெத் பர்ஸைத் திறந்து காசை எண்ணினாள்.

சுந்தர்ராஜ் வந்தான். இரண்டே அறை வீடு. அம்மா அவனைக் கட்டிலில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். ஞானம்மாளின் மூன்று பிள்ளைகளும் அவன் மேல் ஏறினார்கள். “மதராஸ் கவர்மெண்ட்டு எப்பிடி இருக்குது?” என்று கேட்டபடி பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

எலிசபெத் காப்பி கொடுத்தாள். வாங்கும்போது அவன் நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் அடுப்பில் பால் பொங்க, உள்ளே ஓடினாள்.

ஐந்தரை மணிக்கு அவனும் எலிசபெத்தும் பேட்டுகளோடு மிஷன் ஹாலுக்குக் கிளம்பினார்கள்.

ஏழு மணி ஆகியும் காணோம்.

“ஜெபத்துக்கு அம்மா உக்காந்துகினு இருக்குது. இதுங்களுக்கு ஆட்டம்!” ஞானம்மாள் கோபத்தோடு தேடிக்கொண்டு போனாள்.

ஹாலில் ஒரே பிங்பாங் மேஜை. இருபத்தொரு பாயிண்ட் ஆட்டம் ஒன்று முடிந்ததும் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். பெஞ்சில் இரண்டு வாத்தியார்கள் காத்திருந்தார்கள்.

பந்து மெதுவாக அந்தப் பக்கம் போனது. மெதுவாக இந்தப் பக்கம் வந்தது.

“பல்வலி இன்னா ஆச்சி?”

டொக்.

“போயிடுச்சி.”

டொக்.

“பொய். எளச்சிப் போயிட்டீங்க.”

டொக்.

“நீ மட்டும் இன்னாவாம்? கண்ணுல தூக்கமே இல்ல.”

டொக்.

“இதெல்லாம் லெட்டர்ல எழுதக் கூடாதா?”

டொக்.

“எழுதினா நீ அத வீட்ல எல்லாருக்கும் படிச்சிக் காட்டணுமே.”

எலிசபெத் சிரித்துவிட்டாள். பந்து வலையில் மாட்டியது. இருவரும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்றார்கள். ஒரு பாயிண்ட் தீர்ந்துவிட்டதே!

வாசலில் நின்ற ஞானம்மாள் சொல்ல வந்ததை விழுங்கினாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இவர்கள் இரண்டு பேரும் இப்படி முகம் பார்த்துப் பேசி அவள் கண்டதில்லை.

ஒரு வாத்தியார் பொறுமையில்லாமல் எழுந்து அவளிடம் வந்தார்.

“ஒரு மணி நேரமா ஆடறாங்கம்மா. எப்பத்தான் முடியும்?”

ஞானம்மாள் பெஞ்சில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“பாவம், ரெண்டு பேருக்கும் ஆடவே தெரியாது சார். இது இப்போதைக்கு முடியாது. நீங்க திங்கக்கிழமை வந்து ஆடுங்க.”